பதிர்கானின் இன்னொரு பக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் குர்து இளவரசர் பதிர்கான் பேக் பற்றிய கட்டுரை படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் அவரை முழுக்க முழுக்க விடுதலை வீரராகவே காட்டிவிட்டார் கட்டுரையாளர்.

இன்றைய தென்கிழக்குத் துருக்கியில், டைக்ரிஸ் கரையிலுள்ள ஜிஸ்ரே நகரைத் தலைநகராகக் கொண்டு போத்தான் என்ற குர்து சிற்றரசை ஆண்டவர் அவர். 1839-இல் நிசிப் போரில் எகிப்துப் படையிடம் உஸ்மானியர் (ஒட்டோமான் துருக்கியர்) தோற்றதும் அவர் கை ஓங்கியது. அதுவரை சரி. 1843-இல் ஹக்காரி மலைகளில் தியாரி பகுதியின் அசிரியக் கிறிஸ்தவர்களை அவருடைய படைகள் ஆயிரக்கணக்கில் கொன்றன. 1846-இல் தொகுமா பகுதியிலும் அதே கதை. அசிரியத் திருச்சபைத் தலைவர் மார் ஷிமுன் 1843-லேயே மோசுலுக்குத் தப்பியோட வேண்டியிருந்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் படுகொலைகளுக்குப் பிறகு ஐரோப்பிய நாடுகள் கொடுத்த நெருக்கடியும் சேர்ந்துதான் சுல்தானின் படையை அவர்மீது திருப்பியது. சொந்த உறவினரான யஸ்தான்ஷேரே எதிரணிக்குத் தாவ, 1847-இல் பதிர்கான் சரணடைந்தார். அந்த வெற்றிக்காக உஸ்மானியர் 'குர்திஸ்தான் பதக்கம்' என்றே ஒன்றை வெளியிட்டார்கள்! அவரைக் கிரீட் தீவுக்கு நாடு கடத்தினார்கள். கடைசியில் டமாஸ்கஸில் இறந்தார்.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் இதை விடலாமா? குர்து மொழியின் முதல் செய்தித்தாளை 1898-இல் கெய்ரோவில் தொடங்கியவர் அவருடைய மகன் மிக்தாத் மித்ஹத். பெயர் 'குர்திஸ்தான்'. அப்பாவைத் தோற்கடித்ததற்கு அடித்த பதக்கத்தின் அதே பெயர்.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கும்பகோணம்