நாலு வளைஞ்ச ரேக், 53 நாள்: பார்சல் சோதனை பண்ற அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டுப் பார்சல்களைப் பிரிச்சுப் பாக்குற அதிகாரிகளுக்கும், பொம்மைக்கான தரக் கட்டுப்பாட்டு விதியை எழுதுறவங்களுக்கும் வணக்கம்.

என் பார்சல் விவரம் எல்லாம் உங்க ஃபைல்லயே இருக்கு, அதனால முதல்ல இருந்து ஒப்பிக்கப் போறதில்ல. ஜெர்மனில இருந்து ஒருத்தர் அனுப்பின பழைய லெகோ பார்ட்ஸ், அதாவது ஒண்ணோட ஒண்ணு மாட்டிக் கட்டுற பிளாஸ்டிக் துண்டுங்க, பிரிக்னு சொல்லுவோம். மொத்தம் 412, விலை 38 யூரோ. 53 நாள் உங்ககிட்ட இருந்துச்சு, அப்புறம் அனுப்பினவருக்கே திரும்பிப் போயிருச்சு. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், அதை இங்கயே சொல்லிடுறேன். வயசு வந்த ஒரு ஆள் தன்னோட சொந்த உபயோகத்துக்கு உதிரி பிரிக் வரவழைச்சா அதை எந்தக் கணக்குல சேக்குறீங்க, என்னென்ன பேப்பர் வேணும், எத்தனை நாள்ல முடிவு சொல்லுவீங்கன்னு ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க. வரி போடுங்க, கட்டுறேன். வரியைக் குறைங்கன்னு நான் எங்கயும் கேக்கல.

அந்த 412ல எனக்கு உயிர் மாதிரி இருந்தது நாலே நாலு பார்ட்தான். வளைஞ்ச ரேக், கால் வட்டம் அளவுக்கு வளைஞ்சு பல்லு பல்லா இருக்கும். நான் கட்டுறது பாம்பன் பழைய ரயில் பாலத்தோட தூக்குப்பாலம் பகுதி. எங்க அப்பா ரயில்வேல தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர், அந்தப் பாலத்து மேல நடந்தே பாதி ஆயுசு போச்சு. 1914ல திறந்த பாலம், 2022 டிசம்பர்ல அதுல ரயில் ஓடுறது நின்னுச்சு, 2025 ஏப்ரல்ல பக்கத்துலயே புதுப் பாலம் திறந்தாச்சு. புதுசுல தூக்குற பகுதி லிஃப்ட் மாதிரி நேரா மேல போகும். பழசு அப்படி இல்ல, ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு கையால சுத்துவாங்க, சுத்தச் சுத்த ரெண்டு இறக்கையும் அடியில இருக்கிற வளைஞ்ச கால் மேல உருண்டு பின்னாடி சாயும். ஷெர்சர் டிசைன்னு சொல்லுவாங்க. உருண்டு பின்னாடி போறதுதான் அந்தப் பாலத்தோட உயிரே. அது இல்லாம வெறும் கீல் வச்சு தூக்குற மாதிரி ஒரு தடவை கட்டினேன், அப்பா பாத்துட்டு "இது லெவல் கிராசிங் கேட்டுடா, பாலம் இல்ல"ன்னு சொல்லிட்டார். அவர் சொன்னது சரிதான், அன்னைக்கு ராத்திரியே பிரிச்சுட்டேன்.

ஒரு இறக்கைக்கு ரெண்டு பக்கம், ரெண்டு இறக்கைக்கு நாலு ரேக். இந்தப் பார்ட் 2016ல வந்த பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்னு சுரங்கம் தோண்டுற மெஷின் செட் மாதிரி சில லெகோ செட்லதான் வந்திருக்கு. அந்த செட்ல 3,929 பார்ட், இப்ப கடைல புதுசாவும் கிடைக்காது. நாலு பார்ட்டுக்காக அதை எங்க போய் தேடி வாங்குறது? அதனாலதான் உலகம் பூரா எங்கள மாதிரி ஆளுங்க உதிரியா வாங்குறோம். 2000த்துல ஆரம்பிச்ச பிரிக்லிங்க்னு ஒரு சந்தை இருக்கு, 2019ல லெகோ கம்பெனியே அதை வாங்கிருச்சு, ஒத்தை பார்ட்டுக்கு நம்பர் போட்டு கலர் போட்டு தேடி வாங்கலாம். நான் தேடின நாள்ல நம்ம நாட்டுலயும் சிலர் அதுல வித்தாங்க, ஆனா இந்த ரேக் அவங்க யார்கிட்டயும் இல்ல.

லோக்கல்ல விக்கிற டூப்ளிகேட் பிரிக் வாங்கிக்கக் கூடாதான்னு உங்க கவுண்டர்ல ஒருத்தர் கேட்டார். வாங்கிப் பாத்துட்டுத்தான் சொல்றேன். லெகோல பிரிக் மேல இருக்கிற குமிழை ஸ்டட்னு சொல்லுவோம், ஒரு ஸ்டட் மையத்துக்கும் அடுத்த ஸ்டட் மையத்துக்கும் நடுவுல 8 மில்லிமீட்டர், ஒரு பிரிக் உயரம் 9.6, பிளேட்ங்கிற மெல்லிசு துண்டு 3.2, மூணு பிளேட் அடுக்கினா ஒரு பிரிக். 1958ல பேட்டன்ட் எடுத்த அதே அமைப்புதான் இன்னைக்கும், அன்னைக்கு வந்த பிரிக்கும் இன்னைக்கு வந்த பிரிக்கும் மாட்டினா டக்குனு உக்காரும். நான் வாங்கின டூப்ளிகேட்ல ஒண்ணு இறுகி நகம் பேந்துச்சு, இன்னொண்ணு தொட்டதும் கழண்டுச்சு. 48க்கு 48 ஸ்டட் இருக்கிற அடித்தட்டு, பேஸ்பிளேட், ஒண்ணு 38.4 சென்டிமீட்டர், நான் அஞ்சு போட்டு கட்டுறேன், கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர். அவ்ளோ நீளத்துல ஒவ்வொரு பிரிக்குலயும் மயிரிழை தப்பினாகூட கடைசில தண்டவாளம் பாம்பு மாதிரி வளைஞ்சு நிக்குது. கலரும் அப்படித்தான். 2004 வாக்குல கம்பெனியே பழைய சாம்பல் கலரை மாத்தி லேசா நீலம் கலந்த சாம்பலாக்கிட்டாங்க, நாங்க பலபேர் இன்னும் அதை மன்னிக்கல. ரெண்டையும் பக்கத்துல வச்சா ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரியும். இதெல்லாம் உங்களுக்கு சின்ன விஷயமா தெரியலாம். பிரிக் வச்சு கட்டுறவனுக்கு இதுதான் விஷயமே.

இப்ப அந்த நாளைப் பத்தி சொல்லணும். உங்க கடுதாசி வந்துச்சு, முழுக்க இங்கிலீஷ், அதுல தயாரிப்பாளரோட ஐஎஸ்ஐ லைசன்ஸ் காப்பி கேட்டிருந்தீங்க. 38 யூரோவுக்கு பழைய பார்ட் வாங்கினவன் டென்மார்க் கம்பெனியோட லைசன்ஸுக்கு எங்க போவான்? நான் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைல வேலை பாக்குறேன், லீவு போட்டா அன்னைக்கு சம்பளம் இல்ல. ரெண்டு நாள் லீவு போட்டு, ராத்திரி பஸ் ஏறி, காலைல பத்து மணிக்கு உங்க கவுண்டர்ல நின்னேன். மூணு மணிக்கு கூப்பிட்டீங்க. என் கண்ணு முன்னாடியே கவரை வெட்டினாங்க. உள்ள பதினெட்டு ஜிப் கவர், ஒவ்வொண்ணுலயும் அந்த ஜெர்மன்காரர் பென்சில்ல பார்ட் நம்பரும் எண்ணிக்கையும் எழுதியிருந்தார். ஒரு கவரைப் பிரிச்சு அந்த வளைஞ்ச ரேக்கை வெளிய எடுத்து, டியூப் லைட்டுக்கு நேரா பிடிச்சு திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது எந்த வயசு குழந்தைக்கு?"ன்னு கேட்டார் அந்த சார். கத்தல, மரியாதையாத்தான் கேட்டார். எனக்கு 44 வயசுங்க, எனக்குத்தான்னு சொன்னேன். அவர் என்னைப் பாத்தார், ரேக்கைப் பாத்தார், "பொம்மைன்னா ஐஎஸ்ஐ வேணும், ரூல் அப்படித்தான்"னு சொல்லிட்டு மேஜை மேல வச்சுட்டார். கை நீட்டினா எட்டுற தூரம். நாலு மாசமா தேடின பார்ட், அதைத் தொடக்கூட முடியாம எழுந்து வந்தேன்.

பொம்மை இல்லைன்னா என்னன்னு கேட்டேன். அதுக்கு ஃபார்ம் எதுவும் இல்லைன்னாங்க. சரி, முடியாதுன்னாவது எழுதிக் குடுங்க, மேல அப்பீல் போடுறேன்னு கேட்டேன், அதுக்கும் பதில் இல்ல. ஆத்திரம் அங்கதான் வந்துச்சு, இத்தனை நாளா அடக்கி வச்சிருக்கேன். முடியாதுன்னு ஒரு வார்த்தை எழுத்துல குடுத்திருந்தாகூட என்ன பண்றதுன்னு எனக்கு ஒரு வழி தெரிஞ்சிருக்கும்.

விதியே வேண்டாம்னு சொல்ற ஆள் நான் இல்ல, அதைத் தயவுசெஞ்சு புரிஞ்சுக்கோங்க. 2019ல இந்தியத் தரக் கவுன்சில் சோதிச்சப்ப இறக்குமதிப் பொம்மைல மூணுல ரெண்டு பங்கு தேறலன்னு வந்துச்சு. பிள்ளைங்க வாயில வைக்கிற சாமான், அதுல ஈயமும் கண்ட சாயமும் இருந்தா எந்த அப்பன் சும்மா இருப்பான்? 2020ல விதி போட்டீங்க, 2021 ஜனவரி 1ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு, நல்ல காரியம். என் அக்கா பேரனுக்கு வாங்குறப்ப நானும் ஐஎஸ்ஐ முத்திரை பாத்துத்தான் வாங்குறேன். ஆனா அந்த விதில 14 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க விளையாடுறதுக்காக செஞ்ச பொருள்னு தெளிவா இருக்கு. பிள்ளைங்களுக்கு மட்டுமேன்னு இல்லாட்டியும் பொருந்தும்னு ஒரு சொல்லும் கூடவே இருக்கு, அதையும் படிச்சேன், உங்க கை அங்கதான் கட்டியிருக்குன்னு புரியுது. அந்தக் கட்டை அவிழ்க்கத்தான் ஒரு பக்கம் எழுதிக் கேக்குறேன். 2020ல இருந்து லெகோவே பெட்டில 18 பிளஸ்னு போட்டு பெரியவங்களுக்குன்னு தனியா செட் விடுறாங்க. 2022ல வந்த ஈஃபில் டவர்ல 10,001 பார்ட் இருக்கு, அது எந்தப் பிள்ளை தூக்கிட்டு ஓடி விளையாடுற சாமான்? 2008ல வந்த தாஜ்மஹால்ல 5,922 பார்ட். நம்ம நாட்டு தாஜ்மஹாலை வச்சு உலகம் பூரா வித்தாங்க, அதுல ஒரு வெள்ளை டைல் தொலைஞ்சா மாத்துறதுக்கு நம்ம நாட்டுக்காரன் உங்க கவுண்டர்ல லைசன்ஸ் காட்டணுமா?

எங்க கடைக்கு தினமும் பார்சல் வருது. செயின் ஸ்ப்ராக்கெட் வந்தா அதை ஸ்ப்ராக்கெட்டுன்னுதான் பில் போடுறோம், அதுக்கு யாரும் ஆர்சி புக் கேக்குறதில்ல. வண்டி வேற, வண்டியோட பல்சக்கரம் வேற. அந்த வித்தியாசம் உங்களுக்கும் தெரியும்.

வரின்னு எடுத்தா பொம்மைக்கான சுங்க வரி 2020ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023ல 70 ஆச்சு. நம்ம ஊர் பொம்மைத் தொழில் வளரணும்னு போட்டது, இருக்கட்டும். ஆனா இந்த நாலு ரேக்கை நம்ம ஊர்ல செய்யிறவங்க யாரும் இல்லையே, நான் வாங்காம இருந்தா எந்தத் தொழிலாளிக்கு என்ன லாபம்? கஷ்டப்பட்டு வரவழைச்சு வச்சிருக்கிறவங்க ஒண்ணுக்கு மூணா விலை சொல்றாங்க, அவங்களுக்குத்தான் லாபம். இதுல இன்னொரு வேதனையும் இருக்கு. ஸ்டாம்ப் சேக்குறவரையும் கேமரா லென்ஸ் வாங்குறவரையும் ரசிகர்னு சொல்றாங்க. நாங்க பிரிக் வாங்கினா கடைக்காரர்ல இருந்து சொந்தக்காரங்க வரைக்கும் "பையனுக்கா?"ன்னு கேக்குறாங்க. வழிகாட்டிப் புத்தகம் இல்லாம சொந்தமா யோசிச்சு கட்டுறதை நாங்க மாக்னு சொல்லுவோம், அதுக்கு கணக்கு வேணும், பொறுமை வேணும், ஒரு பாலம் எப்படி நிக்குதுன்னு தெரியணும். இந்த ரெண்டு வருஷத்துல எங்க அப்பாகிட்ட நான் பேசினது அதுக்கு முன்னாடி இருபது வருஷத்துல பேசினதைவிட அதிகம். ஒவ்வொரு தூணா வச்சு "இது இப்படி இல்லடா"ன்னு அவர் திருத்துவார், நான் பிரிச்சுக் கட்டுவேன். சரி, வேற எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

அப்பாவுக்கு 1964 புயல் நடந்தப்ப 12 வயசு. தனுஷ்கோடி போச்சு, ரயில் போச்சு, பாலத்தோட கர்டருங்க கடல்ல விழுந்துச்சு, தூக்குப்பாலம் தாங்கி நின்னுச்சு. அப்புறம் ரயில்வே இன்ஜினியர் ஸ்ரீதரன் தலைமைல கடலுக்குள்ள கிடந்த கர்டரைத் தேடித் தூக்கி பாலத்தை மறுபடி நிறுத்தினாங்க, 46 நாள்ல. எங்க வீட்ல இந்தக் கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம். பார்சல் திரும்பிப் போயிருச்சுன்னு சொன்னப்ப அப்பா "எத்தனை நாள் வச்சிருந்தாங்க?"ன்னு கேட்டார். 53ன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல, எழுந்து போய் திண்ணைல உக்காந்துட்டார்.

அந்த ஜெர்மன்காரர் போட்டோ அனுப்பியிருக்கார். பதினெட்டு கவரும் ஒரே பைல கொட்டிக் கிடக்கு, ரேக் மூணுதான் இருக்கு, அதுல ஒண்ணுல ரெண்டு பல்லு உடைஞ்சிருக்கு. பாவம் அவர், பணத்தை முழுசா திருப்பித் தர்றேன்னார், நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். அவர் மேல தப்பில்ல.

அதே நாலு ரேக்குக்கு வேற ஒருத்தர்கிட்ட மறுபடி ஆர்டர் போட்டிருக்கேன், இந்தத் தடவை அந்த நாலு மட்டும்தான். கவர் மேல பார்ட் நம்பர், பழைய உதிரி பாகம், வாங்குறவர் வயசு 44, சொந்த உபயோகம், விற்பனைக்கு இல்லன்னு எழுதச் சொல்லியிருக்கேன். இன்னும் என்ன எழுதணும்னு நீங்க சொன்னா அதையும் எழுதச் சொல்றேன். உறுதிமொழிப் பத்திரம் வேணும்னா ஸ்டாம்ப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டு அனுப்புறேன். அது உங்க மேஜைக்கு வர்றதுக்குள்ள அந்த ஒரு பக்க விதியைத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போட்டு கவுண்டர்ல ஒட்டுங்க ஐயா, அம்மா, தயவுசெஞ்சு கேக்குறேன். விடலாம்னா வரியை வாங்கிட்டு விடுங்க. விட முடியாதுன்னா எழுத்துல குடுங்க. திருப்பி அனுப்பினாலும் கவரைக் கவரா பாத்து அனுப்புங்க, பல்லு உடையாம.

இப்படிக்கு,
மண்டபத்துல இருந்து ஒரு கேங்மேன் மகன்