கோட்டான் இருந்த பாறை

பாளையங்கோட்டை
பிப்ரவரி, ஞாயிறு காலை

அன்புள்ள சங்கரா,

“ஏலே, இருக்கியா செத்தியா?” என்று பொங்கலன்று நீ கேட்டதற்கு இன்றுதான் பதில். இருக்கிறேன். வேலை, காய்ச்சல் என்று என்ன பொய் சொன்னாலும் நீ கண்டுபிடித்துவிடுவாய். சொல்லக் கூச்சமான ஒரு காரியம் செய்து வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரிப்பாய், மீதியை நான் விழுங்கிவிடுவேன். அதனால்தான் காகிதம்.

அதற்கு முன் ஊர்ச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. பொடிமட்டை சாரை மார்க்கெட்டில் பார்த்தேன். “இன்னொரு கழுதை எங்கலே?” என்றார். புனேயில் சார் என்றேன். “அங்கயும் பொதிதானா?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டினார். நம் இடியாப்பக் கடையை மூடிவிட்டார்கள். துக்கம் கேட்கவாவது ஒரு நடை வா.

சரி, கேமரா. தூரத்துப் பறவையைக் கிட்டே இழுத்துக் காட்டும் 150-600 லென்ஸ் ஒன்று, யாரோ வாங்கி அலுத்துப்போனதை, பழைய விலைக்கு வாங்கினேன். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. வீட்டில் சொன்ன விலை நிஜ விலையில் மூன்றில் ஒரு பங்கு. உன் வீட்டம்மாவும் இவளும் வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாயைத் திற. பரீட்சை நாளில்கூட ஆறரைக்கு எழாத நான் இப்போது ஞாயிறென்றால் நாலரைக்கு எழுந்து பைக்கை எடுத்துவிடுகிறேன். பையைப் பிள்ளையைப் போல முன்னால் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்து டீக்கடைக்காரர் சிரிக்கிறார்.

முதலில் போய் நின்றது கூந்தன்குளம். நாம் சைக்கிளில் போய்ச் செயின் அறுந்து தள்ளிக்கொண்டு வந்த அதே ஊர். 1994இல் பறவைச் சரணாலயமானது, இப்போது ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. மணிமுத்தாற்றுத் தண்ணீர் வந்து குளம் நிறைந்தால் போதும், மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டுப் புறவாசல் மரத்தில்கூடக் கூடு கட்டிவிடும். எச்சத்தில் தெருவே வெள்ளையடித்த மாதிரி இருக்கும், வாடை குடலைப் புரட்டும், ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. தீபாவளிக்கு வெடி கிடையாது. கொடியில் காயும் சேலைக்கு நேர் மேலே நாரை உட்கார்ந்திருக்க, ஒரு அக்கா சேலையை இரண்டடி நகர்த்திப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அதை எடுத்திருக்க வேண்டும். நான் அப்போது கோரைத் தட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வரித்தலை வாத்து அறுபது எழுபது கரையேறி மேய்கிறது. மங்கோலியா, திபெத் பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வந்த சாதி. என் ஃபோகஸோ வாத்தை விட்டுவிட்டு முன்னால் ஆடுகிற ஒரு கோரையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறது. அன்று எடுத்தது நானூறு படம். உலகத்திலேயே துல்லியமான கோரைப் படங்கள் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன.

சாயங்காலம் வயற்காட்டுக்கு மேல் சோளப்பட்சிகள் கூட்டமாகச் சுழன்றதைப் பார்த்தது, முள்ளுக்காட்டில் மயில் துரத்தியது எல்லாம் நீ வரும்போது சொல்கிறேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஓரிடத்தில் கைவிட்ட கல்குவாரி ஒன்று உண்டு. அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், நான் வெறுங்கையோடு திரும்புவதை மூன்று வாரம் பார்த்துவிட்டு, நாலாம் வாரம் “சார்வாள், கோட்டான் பாக்கேளா?” என்று கூட்டிக்கொண்டு போனார். கொம்பன் ஆந்தை. பாறை இடுக்கில், பாறை நிறத்திலேயே, நெஞ்சில் கறுப்புக் கீற்றோடு. அவர் கை காட்டிய பிறகும் எனக்குத் தெரிய இரண்டு நிமிடம் ஆயிற்று. கண்ணைத் திறந்ததும்தான் தெரிந்தது, ஆரஞ்சு நிறத்தில் இரண்டு வட்டம். கூடு கீடு ஒன்றும் இல்லை. வெறும் மண்ணில் மூன்று முட்டை, அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது.

பாறைக்குக் கீழே அது கக்கிப்போட்ட உருண்டைகள் கிடந்தன. ஒன்றைக் குச்சியால் பிரித்தேன். சாம்பல் மயிருக்குள் பொதிந்து ஒரு எலியின் தாடை, முன்பல் இரண்டும் மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்தில் அப்படியே. சுத்துப்பட்டு வயலின் எலிக் கணக்கையெல்லாம் இதுதான் பார்க்கிறது. ஆனால் ஊரில் கோட்டான் கத்தினால் சாவு விழும் என்பார்களே, அதனால் பெரியவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. கல்லெடுத்து எறிவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

படம் எடுத்தேன், சங்கரா. தூரத்தில் மணலில் படுத்து, முழங்கையை ஊன்றி. காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. கைக்கு அப்படி ஒன்று வாய்க்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று ராத்திரியே எங்கள் படக்காரர் குழுவில் போட்டேன். “சார், பின்னிட்டீங்க” என்று இருபது பேர். ஒருவர் தனியாக வந்து, “இடம் மட்டும் சொல்லுங்க சார், யாருக்கும் சொல்லமாட்டேன்” என்றார். புகழ்ச்சியில் மிதந்துகொண்டிருந்தேனா, வரைபடத்தில் புள்ளியே வைத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு எனக்கு ஒரு கல்யாணம். சாயங்காலம் குழுவைத் திறந்தால் ஒரு படம்: அதே ஆந்தை, சிறகை முழுக்க விரித்துப் பறக்கிறது. பிரமாதமான படம்தான். ஆனால் பார், பறவையின் நிழல் அதற்கு நேர் கீழே தரையில் கிடக்கிறது. அப்படியானால் உச்சி வெயில். ராத்திரி வேட்டைக்குப் போகிற பறவை, முட்டையை விட்டுவிட்டு, நட்ட நடுப்பகலில் தானாக ஏன் எழும்புகிறது? கல்யாணச் சாப்பாடு வயிற்றில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பாறை இடுக்கு காலி. முட்டையோட்டுத் துண்டு ஒன்று, காக்கைகள் இரண்டு. தண்ணீர் பாட்டில்கள், பிஸ்கட் தாள். இடுக்குக்குள் சின்னச் சின்னக் கல் ஏழெட்டு. அவை மேலிருந்து உதிர்ந்தவை அல்ல, அந்தப் பாறையின் நிறமே இல்லை. பெரியவர் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். பதினோரு பேர் வந்தார்களாம். அது எழும்பிப் போனபின் சாயங்காலம் வரை ஆட்கள் நகரவில்லையாம், வெயிலில் முட்டை அப்படியே கிடந்ததாம். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. “பதினஞ்சு வருசமா பாக்கேன், ஒருத்தருட்டயும் சொன்னதில்ல. ஒங்ககிட்டதான் சொன்னேன்” என்றார். அவ்வளவுதான்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். கல் எறிந்தது நீ இல்லையேலே என்பாய். நானும் ஒரு வாரம் அதையே சொல்லிப் பார்த்தேன். குழுவில் கேட்டதற்கு, “ஒரு பறவைக்கு இவ்வளவா சார்?” என்று பதில் வந்தது. ஆந்தையைத் தொந்தரவு செய்வது 1972ஆம் ஆண்டு வனவுயிர் சட்டப்படி குற்றம் என்று எழுதிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதை எழுதும்போதே கை கூசியது. புள்ளி வைத்துக் கொடுத்தவனே சட்டம் பேசுகிறான்!

இதற்கிடையே இவள் எனக்குத் தெரியாமல் அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, பிறந்தநாளுக்கென்று கூடத்தில் மாட்டிவிட்டாள். நடந்தது அவளுக்குத் தெரியாது. அம்மாதான், “வெளக்கேத்துற வீட்டுல கோட்டானா!” என்று மூன்று நாள் சண்டை போட்டு, கடைசியில் தானே ஸ்டூலில் ஏறி, அந்த முழங்காலோடு, படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாள். இவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் திருப்பவில்லை.

மார்ச் தாண்டினால் வாத்துகள் கிளம்பிவிடும், அதற்குள் வா. கூந்தன்குளத்துக்குப் போவோம், இந்த முறை பைக். புனேயில் லென்ஸ் துடைக்கும் நல்ல துணி கிடைத்தால் இரண்டு வாங்கி வா, பில் வேண்டாம்.

குவாரிக்கும் கூட்டிப் போ என்று கேட்பாய். அது எங்கே இருக்கிறது என்று உனக்கும் சொல்வதாக இல்லை. போன வாரம் அந்திக்குப் பெரியவர் கூப்பிட்டுச் சொன்னார், எதிர்ப்பாறைப் பக்கம் சத்தம் கேட்கிறதாம்.

உன்
கோமதி