இரவல் நிரலுக்கு ஊரும் பேரும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறர் எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் நிரல்துண்டுகளையும் சர்வர் அமைப்புக் கட்டளைகளையும் எடுத்து நம் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி, பெங்களூரில் சர்வர் நிர்வாகத்தைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். சேலம், திருநெல்வேலி, கோவைப் பக்கங்களிலிருந்து வந்து எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்ளும் வழக்கம் இது. ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்லக் கூசுகிறார்கள். இரவல் நிரல் என்றாலே திறமைக்குறைவு என்று மூத்தவர்கள் சிலர் ஏசுவதால், எடுத்த இடத்தின் சுவடே தெரியாமல் துடைத்துவிட்டுத் தாமே எழுதியதுபோல் சேர்த்துவிடுகிறார்கள். எடுப்பதில் குற்றமில்லை, எடுத்த இடத்தை மறைப்பதில்தான் கேடு இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை டாக்கரில் (மென்பொருளைக் கன்டெய்னர் என்னும் தனி உறைக்குள் வைத்து ஓட்டும் கருவி) ஓட்டுவதற்கான மாதிரிக் கோப்புகள் பலவற்றில், போர்ட் (வெளித்தொடர்பு நுழையும் எண்ணிட்ட வாசல்) பகுதியில் 5432:5432 என்று ஒரு வரி இருக்கும். கணினியின் 5432ஆம் போர்ட்டுக்கு வரும் தொடர்பைத் தரவுத்தளத்துக்கு அனுப்பு என்பது அதன் பொருள். எழுதியவர் தம் மடிக்கணினியில் சோதித்துப் பார்ப்பதற்காகப் போட்டது அது. வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினியில் அதனால் பெரிய தீங்கு இல்லை. அதே வரியைப் பொது ஐபி முகவரி கொண்ட கிளவுட் சர்வரில் அப்படியே ஒட்டினால், தரவுத்தளம் இணையம் முழுவதற்கும் திறந்து கிடக்கும். வேண்டாத தொடர்புகளைத் தடுக்கும் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை உபுண்டு லினக்ஸில் இயக்கி வைத்திருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. டாக்கர் தன் விதிகளை லினக்ஸின் அடிப்படை வலைத்தொடர்பு விதிப்பட்டியலான ஐபிடேபிள்ஸில் நேரடியாக எழுதிக்கொள்வதால், வெளியிலிருந்து வரும் தொடர்பு யுஎஃப்டபிள்யூவின் விதிகளை எட்டுவதற்கு முன்பே கன்டெய்னருக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஆனால் நிலவரத்தைக் கேட்டால், அந்த போர்ட் திறந்திருப்பதை யுஎஃப்டபிள்யூ காட்டாது. மாதிரியில் இருந்த கடவுச்சொல்லையும் மாற்றாமல் விட்டிருந்தால், உள்ளே நுழைய எவருக்கும் பெரிய முயற்சி தேவைப்படாது. திருத்தம் என்னவோ சிறியதுதான். 127.0.0.1 என்பது அதே கணினியை மட்டும் குறிக்கும் முகவரி என்பதால், அவ்வரியை 127.0.0.1:5432:5432 என்று மாற்றினால் வெளியுலகத்துக்கு அந்தக் கதவு அடைபட்டுவிடும். ஆனால் மாற்ற வேண்டும் என்று தோன்றுவதற்கே, அந்த வரி எந்தச் சூழலுக்காக எழுதப்பட்டது என்பது தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

நிரல் எழுதப்பட்ட காலமும் இதே அளவு முக்கியம். இணையதளங்களை எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்காக இருந்த பழைய செயற்கூறுகள் 2015இல் வெளிவந்த 7.0 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டன. அவற்றைக் கொண்ட நிரலை இன்று ஒட்டினால் உடனே பிழை காட்டி நின்றுவிடும், அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடுகிற பழைய நிரலைக் கண்டுதான் நான் அஞ்சுகிறேன். இணையத் தொடர்பை மறையாக்கம் செய்து காக்கும் டிஎல்எஸ் நெறிமுறையின் 1.0, 1.1 ஆகிய இரண்டு பதிப்புகளும் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன. அவற்றை அனுமதிக்கும் வரியோ என்ஜின்எக்ஸ் என்னும் வெப் சர்வர் மென்பொருளுக்கான பழைய மாதிரிகளில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அனுமதி இல்லை என்ற பிழை வந்தவுடன் கோப்புறைக்கு 777 (எல்லாரும் படிக்க, எழுத, இயக்க விடும் அனுமதி) கொடுத்துவிடச் சொல்லும் ஆலோசனை எந்தக் காலத்திலும் தவறானது. பிழை மறைந்துவிடும், கூடவே அந்தச் சர்வரில் உள்ள எந்தப் பயனரும் அங்கே கை வைக்கலாம் என்ற நிலையும் வந்துவிடும்.

மூலத்தைக் குறித்து வைப்பதன் பயனை அறிய ஒரு நிகழ்வு போதும். பைட் எண்ணிக்கையை கேபி, எம்பி என்று படிப்பதற்கு எளிதாக மாற்றித் தரும் சிறிய ஜாவா நிரல் ஒன்றை 2010இல் ஒருவர் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் இட்டார். அத்தளத்திலிருந்து மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஜாவா நிரல் அதுவே என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். 9,99,999 பைட்டைக் கொடுத்தால் 1.0 எம்பி என்று காட்டுவதற்குப் பதிலாக 1000.0 கேபி என்று காட்டும் பிழை அதில் இருந்தது. எழுதியவரே 2019இல் அதை விளக்கித் திருத்தத்தையும் வெளியிட்டார். எடுத்த இடத்தைக் கோப்பில் குறித்து வைத்திருந்தவர்கள் அந்தத் திருத்தத்தைத் தேடிப் போக வழி இருந்தது. மறைத்தவர்களின் நிரலில் அதே பிழை யார் கண்ணிலும் படாமல் கிடக்கும்.

சட்டமும் இதையே கேட்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உள்ளவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வருபவை. எழுதியவரைக் குறிப்பிடுவது அதன் நிபந்தனை. உரிம அறிவிப்பே இல்லாமல் பொதுவில் கிடக்கும் நிரல், யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டதும் அல்ல. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது.

ஆகவே குழுத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நிரலைச் சரிபார்க்கும்போது, இது எங்கிருந்து வந்தது என்று குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேளுங்கள். எடுத்த இடம், தேதி, எழுதியவர் எந்தப் பதிப்பில் ஓட்டினார், நாம் எதை ஏன் மாற்றினோம் என்ற விவரங்களை மூன்று வரிக் குறிப்பாக அந்த நிரலுக்கு மேலேயே எழுதச் சொல்லுங்கள். சர்வரின் அமைப்புக் கோப்புகளையும் கிட் (Git) என்னும், மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கருவியில் போட்டு வைத்தால் இந்த விவரங்கள் ஆள் மாறினாலும் அழியாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் தரும் நிரலுக்கு மூலம் பெரும்பாலும் தெரிவதே இல்லை என்பதால், எந்தக் கருவி தந்தது, அதில் எதையெல்லாம் சோதித்துப் பார்த்தோம் என்ற குறிப்பு அங்கே இன்னும் அவசியம். மாரத்தஹள்ளி, பி.டி.எம். லேஅவுட் பகுதிகளில் உள்ள பயிற்சி நிலையங்கள், மாதிரியை ஒட்டி ஓட்டிக் காட்டுவதோடு நிறுத்தாமல், அதை ஒவ்வொரு வரியாகப் பிரித்து நம் சூழலுக்கு ஏற்ப மாற்றும் பயிற்சியையும் தர வேண்டும். தமிழில் சர்வர் குறிப்புகளை எழுதிப் பகிரும் அன்பர்களும், எந்தப் பதிப்பில் சோதித்தார்கள், எந்த வரிகளைப் பயன்படுத்துவோர் கட்டாயம் மாற்ற வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவிட்டால் புதிதாக வருபவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
அல்சூர், பெங்களூரு.