மைனஸ் 18 டிகிரியும் 4078 டிகிரியும்

மண்டபம்,
ஜூன் கடைசி

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே தடைக்காலம் ஜூன் 14 ராத்திரியோடு முடிந்து, விசைப்படகுகள் மறுபடி கடலுக்குப் போகின்றன. இறால் ஓரளவு வருகிறது, கணவாய் பரவாயில்லை. கச்சான் காற்றுதான் விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. பாம்பனில் 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து ராமேசுவரம் வரை ரயில் போகிறது. அடுத்த லீவுக்குத் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஹெக்ஸில், அதாவது 0 முதல் 9, ஏ முதல் எஃப் வரை 16 குறிகளால் எழுதும் எண்முறையில், எஃப்எஃப் என்பது 255ஆ, மைனஸ் 1ஆ என்று மாணவி ஒருத்தி கேட்டதாகவும், நீ மைனஸ் எண்ணைக் கம்ப்யூட்டரில் எழுதும் டூஸ் காம்ப்ளிமென்ட் சூத்திரத்தைப் போர்டில் எழுதிக் காட்டியும் அவளுக்குத் திருப்தி இல்லை என்றும் எழுதியிருந்தாய். அவள் கேட்டது அருமையான கேள்வி. சூத்திரம் அதற்குப் பதில் ஆகாது. 0, 1 என்ற அந்த எட்டு பிட்டுக்குள் அந்தத் தகவலே கிடையாது, அதுதான் பதில். சைன்டா (மைனஸும் உண்டு) அன்சைன்டா (மைனஸே கிடையாது) என்பது படிக்கிறவர் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய விஷயம்.

இங்கே பக்கத்தில் ஒரு கோல்டு ஸ்டோரேஜில் நடந்ததைச் சொல்கிறேன், வகுப்பில் அப்படியே சொல்லு. இறாலும் கணவாயும் லாரி ஏறும்வரை மைனஸ் 18 டிகிரியில் கிடக்கும் அறை அது. டிஎஸ்18பி20 சென்சார் போட்ட சின்னப் பெட்டி ஒன்று வெப்பநிலையைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். மைனஸ் 15க்கு மேல் ஏறினால் பஸ்ஸர் அடிக்க வேண்டும். ஆர்டுயினோ யூனோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததை, வைஃபை வேண்டும் என்பதற்காக இஎஸ்பி32 போர்டுக்கு மாற்றினார்கள். புரோகிராம் அதேதான், கணக்குப் போடும் இடத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மாற்றியவர் மேசையில் வைத்துப் பார்த்திருக்கிறார், 32 டிகிரி காட்டியது. ஐஸ் தண்ணீரில் முக்கியிருக்கிறார், 0 காட்டியது. அறைக்குள் கொண்டுபோய் வைத்தால் 4078 டிகிரி! பஸ்ஸர் ஓயவே இல்லை. காது தாங்காமல் ஆட்கள் வயரைப் பிடுங்கிவிட்டார்கள். அதற்கு அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த சென்சார் ஒரு டிகிரியை 16 பங்காக்கி, 16 பிட்டில் எண்ணைத் தருகிறது. 32 டிகிரி என்றால் 512, ஹெக்ஸில் 0200. ஐஸ் தண்ணீர் 0000. இரண்டிலும் மைனஸைக் காட்டும் மேல் பிட் 0 என்பதால் எப்படிப் படித்தாலும் ஒரே விடைதான் வரும். மைனஸ் 18 டிகிரி என்றால் மைனஸ் 288. சென்சார் அதை எஃப்இஇ0 என்று அனுப்பும். பிட்டுகளை எல்லாம் 0ஐ 1ஆகவும் 1ஐ 0ஆகவும் புரட்டிப் போட்டால் 011எஃப், ஒன்று கூட்டினால் 0120, அதாவது 288. மைனஸ் போட்டு 16ஆல் வகுத்தால் மைனஸ் 18 வந்துவிடும். அதே எஃப்இஇ0வை அன்சைன்டாகப் படித்தால் 65248. 16ஆல் வகுத்துப் பார், 4078.

போர்டு மாறினால் ஏன் இப்படி ஆகிறது என்று உன் மாணவி கேட்பாள், கேட்கவும் வேண்டும். சென்சார் தரும் 16 பிட்டில் மேல் பைட்டை (எட்டு பிட்) எட்டு இடம் இடப்பக்கம் தள்ளி, கீழ் பைட்டோடு சேர்த்து, இன்ட் என்ற முழு எண் மாறியில் போட்டிருந்தது. யூனோவில் இன்ட் 16 பிட். எஃப்இஇ0 அந்த இடம் முழுவதையும் நிறைத்ததால், அதன் மேல் பிட் மைனஸுக்கான இடத்திலேயே விழுந்தது. இஎஸ்பி32ல் இன்ட் 32 பிட். அதே எஃப்இஇ0 கீழ்ப் பாதியில் விழ, மேல் பாதி 0000 ஆகிவிட்டது. மைனஸைக் காட்ட வேண்டிய பிட் நடுவில் ஒரு சாதாரண பிட்டாகக் கிடந்தது. சேர்த்த கையோடு 16 பிட் சைன்டு என்று வகையைக் குறித்துக் கொடுத்தேன். மேல் பாதி எஃப்எஃப்எஃப்எஃப் என்று நிரம்பி, மைனஸ் 18 காட்டியது.

நம் கரையில் இந்தப் பிழை வருஷக் கணக்கில் ஒளிந்திருக்கலாம் மாப்ளே. காற்றின் சூடு, தண்ணீரின் உப்பு என்று இங்கே அளப்பதெல்லாம் பிளஸ். ஜிபிஎஸ்ஸில் பார்த்தாலும் ராமேசுவரம் வடக்கே 9 டிகிரி, கிழக்கே 79 டிகிரி, அதுவும் பிளஸ். மேசையில் உட்கார்ந்து சோதிக்கிறவருக்கு மைனஸ் எதிர்ப்படவே எதிர்ப்படாது. அதனால்தான் சென்சாருக்குப் பதிலாக எஃப்இஇ0வைக் கையால் உள்ளே கொடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். அதற்குக் குளிர் அறை தேவையில்லை.

கூட்டலில் பிராசஸருக்கு இந்தப் பேதம் தெரியாது. எஃப்எஃப்போடு 1 கூட்டினால் எட்டு பிட்டில் 00. 255 என்று நினைத்தவருக்கு அது எல்லை தாண்டிய கணக்கு, மைனஸ் 1 என்று நினைத்தவருக்குச் சரியான கணக்கு. கட்டளை ஒன்றுதான். டூஸ் காம்ப்ளிமென்ட்டின் அழகே அதுதான். ஆனால் ஒப்பிடும்போதும், வகுக்கும்போதும், வலப்பக்கம் தள்ளும்போதும், பெரிய இடத்துக்கு மாற்றும்போதும் எந்த வகை என்று சொல்லியே ஆக வேண்டும். இன்டெல் பிராசஸரில் எஸ்ஹெச்ஆர் கட்டளை வலப்பக்கம் தள்ளிவிட்டுக் காலி இடத்தில் 0 நிரப்பும். எஸ்ஏஆர் மைனஸ் பிட்டையே நிரப்பும். 16 பிட்டில் எஃப்இஇ0வை நாலு இடம் தள்ளச் சொல்லு. முதலாவதில் 0எஃப்இஇ வரும், அது 4078. இரண்டாவதில் எஃப்எஃப்இஇ, அது மைனஸ் 18. அந்தப் பெட்டிக்கு நேர்ந்ததை இந்த ஒரு கணக்கிலேயே அவர்கள் கண்ணால் பார்த்துவிடலாம்.

4078 என்று கத்தியதாவது தெரிந்தது. எனக்குப் பயம் சத்தமில்லாத வகையைப் பற்றித்தான். அதே மாறியை அன்சைன்டு 32 பிட்டாக வைத்து மைனஸ் 15ஓடு ஒப்பிட்டிருந்தால், சி மொழி விதிப்படி அந்த மைனஸ் 15 தானே 4294967281 ஆகிவிடும். 4078 அதைவிடச் சின்னது, பஸ்ஸர் அடிக்காது. கம்ப்ரஸர் நின்று ராத்திரி முழுக்கச் சரக்கு இளகினாலும் அடிக்காது. வட்டிக்கு வாங்கிச் சரக்குப் போட்ட சின்ன வியாபாரிகள் விடிந்து வந்து கதவைத் திறக்கிறபோதுதான் தெரியும். அதனால் கம்பைலரில், சைன்டையும் அன்சைன்டையும் ஒப்பிட்டால் சொல்லும் சைன்-கம்பேர் எச்சரிக்கையை முதல் வகுப்பிலேயே போடச் சொல்லு, அதை அணைக்க விடாதே. நோட்டில் ஒரு ஹெக்ஸ் எண்ணை எழுதினால் பக்கத்திலேயே எத்தனை பிட், எந்த வகை என்பதையும் எழுத வை. சென்சாரின் விவரத் தாளான டேட்டா ஷீட்டிலிருந்து எடுக்கும்போது முதலில் எடுக்க வேண்டியது அதைத்தான்.

நேரக் கணக்கும் இதே கதைதான். 32 பிட் சைன்டில் 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் கருவிகள் 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07க்கு எல்லையைத் தொடும். அடுத்த நொடி ஹெக்ஸில் 80000000, சைன்டாகப் படித்தால் 1901 டிசம்பர். இப்போது மாட்டும் பெட்டிகளில் சில அதுவரை ஓடும் என்பதால், நான் 64 பிட்டில்தான் நேரம் வைக்கிறேன்.

அந்த மாணவிக்கு ஒரு வேலை கொடு. சி மொழியில் சைன்டு, அன்சைன்டு எதுவும் சொல்லாமல் வெறும் கேர் என்ற எட்டு பிட் மாறியில் ஹெக்ஸ் 80ஐப் போட்டு, முழு எண்ணாக அச்சிடச் சொல்லு. இன்டெல் லேப்டாப்பில் ஒரு தடவை, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை. ஒன்றில் மைனஸ் 128 வரும், இன்னொன்றில் 128. எதில் எது என்று முன்கூட்டிச் சொல்லிவிடாதே. அவள் என்ன காரணம் சொன்னாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் மச்சான்