மூன்று பேருக்கு அப்பால் ஓர் இத்தாலி: வரலாற்றுப் பாடநூல் குழுவுக்குத் திறந்த மடல்

வரலாற்றுப் பாடநூல் எழுதும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

இருபத்தாறு வருடம் வரலாற்று வகுப்பில் நின்று ஓய்வு பெற்றவன் நான். சிதறிக் கிடந்த இத்தாலி ஒரே நாடான பாடத்தில் மாஜினி இதயம், கவூர் மூளை, கரிபால்டி வாள். இதைப் 'பொருத்துக' என்று கேட்டால் படிக்காத பிள்ளைகூட மூன்று மதிப்பெண் வாங்கிவிடும். நானும் அப்படித்தான் நடத்தினேன். ஒரு வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "சார், அந்த ஊர் ஜனங்க அப்ப என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. புத்தகத்தைப் புரட்டினேன், அதிலும் இல்லை. அப்புறம் தேடிப் படித்ததில் கொஞ்சத்தை, அடுத்த பதிப்புக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

வியன்னா மாநாடு, ஆஸ்திரியாவின் பிடி, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனோடு வடக்கிலிருந்த பீட்மாண்ட் அரசின் பிரதமர் கவூர் பேசிய பேரம், ஆஸ்திரியாவோடு நடந்த 1859 போர் எல்லாம் இருக்க வேண்டியவைதான். அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை சிசிலியில் தொடங்குகிறது.

1860 மே 11 அன்று மர்சாலாவில் தன் தொண்டர் படையான ஆயிரத்துச் சொச்சம் சிவப்புச் சட்டைக்காரர்களுடன் கரிபால்டி இறங்கினார், செப்டம்பர் 7 அன்று நேப்பிள்ஸுக்குள் நுழைந்தார். நம் பாடம் இதை வீரக்கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறது. சிசிலியையும் நேப்பிள்ஸையும் ஆண்ட போர்போன் அரசரின் முழுப் படையை ஆயிரம் பேர் எப்படி விரட்டினார்கள்? சிசிலி ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. மாவு அரைக்க விதித்த வரியை கரிபால்டி நீக்கினார். போரில் சேர்ந்தவர்களுக்குப் பொதுநிலத்தில் பங்கு என்று ஜூன் 2 அன்று ஆணையும் போட்டார். குடியானவனுக்கு 'இத்தாலி' என்ற சொல் அந்த நிலத்தின் வடிவில்தான் வந்து சேர்ந்தது.

நிலம் வரவில்லை. சிசிலியின் எட்னா எரிமலையடியில் ப்ரோன்டே என்ற ஊர். அங்கே பெரும் பண்ணை ஒன்று இங்கிலாந்துக் கடற்படைத் தளபதி நெல்சனின் வாரிசுகள் கையில் இருந்தது. (டிரஃபால்கரில் இறந்த அதே நெல்சன்தான். நேப்பிள்ஸ் அரசர் 1799இல் கொடுத்த பரிசு அது.) ஆகஸ்ட் தொடக்கத்தில் மக்கள் பொங்கி எழுந்து ஊர்ப் பிரமுகர்கள் பலரைக் கொன்றார்கள். கொடூரம்தான், மறைக்க வேண்டாம். கரிபால்டியின் தளபதி நீனோ பிக்சியோ வந்தார், அவசர விசாரணை நடந்தது, ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் மக்கள் பக்கம் பேசிய வழக்கறிஞர். இன்னொருவர் புத்தி சரியில்லாதவர் என்று ஊரே அறிந்தவர்.

பீட்மாண்ட் அரசர் விக்டர் இம்மானுவேலின் கீழ் ஒரே இத்தாலியாகச் சேரலாமா என்று அக்டோபரில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. சிசிலியில் இணைப்புக்கு ஆதரவாக 4,32,053 வாக்குகள், எதிர்ப்பு 667. எதிர்ப்பு ஏன் இவ்வளவு குறைவு என்று ஒரு மாணவன் கேட்டால், 'ஆம்' ஒரு பெட்டியிலும் 'இல்லை' வேறொரு பெட்டியிலும் எல்லோர் கண்ணெதிரிலும் போட வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள், மிச்சத்தை அவனே புரிந்துகொள்வான்.

1861 மார்ச் 17 அன்று இத்தாலிய முடியரசு அறிவிக்கப்பட்டது. புது நாட்டின் முதல் அரசர் தன்னை 'இரண்டாம்' விக்டர் இம்மானுவேல் என்றே அழைத்துக்கொண்டார். பீட்மாண்டில் இருந்த வரிசை எண்ணை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. இந்த ஓர் எண்ணை வைத்தே ஒரு வகுப்பு நடத்தலாம். தெற்கில் இருந்தவர்களுக்கு இது சேர்க்கையா, வடக்கு வந்து பிடித்துக்கொண்டதா? போர்போன் அரசர்கள் காலத்தில் சிசிலியில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. இப்போது வந்தது. மாவு வரியும் 1869இல் திரும்பி வந்தது. தென் மாவட்டங்களில் வெடித்த கிளர்ச்சியை அரசு 'கொள்ளையர் தொல்லை' என்றது. 1863இல் பீகா சட்டம் போட்டு ராணுவ நீதிமன்றங்கள் வைத்தது. அடக்கப் போன படைவீரர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்.

மொழியையும் விட்டுவிட்டோம். அன்றைக்கு இத்தாலிய மொழி பேசியவர்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் என்பது மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோவின் கணிப்பு. மற்றவர்கள் வீட்டில் சிசிலியனோ, வெனிசியனோ, நேப்பிள்ஸ் பேச்சோ பேசினார்கள். கவூருக்கே பிரெஞ்சுதான் கையில் ஓடும். முக்கால்வாசிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கும் உரிமை மக்கள்தொகையில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவானவர்களுக்கே இருந்தது.

இதயம் என்று நாம் எழுதும் மாஜினி கேட்டது குடியரசு. கிடைத்தது அரசர். 1872இல் பீசாவில் அவர் இறந்தபோது, ஒன்றுபட்ட அதே இத்தாலியில் வேறு பெயர் வைத்துக்கொண்டு தங்கியிருந்தார்.

பக்கம் போதாது என்பீர்கள். சரி. கவூரின் ராஜதந்திரத்துக்கு ஒதுக்கியதில் பாதியைக் குறையுங்கள், மூவரின் படங்களைச் சிறிதாக்குங்கள். அந்த இடத்தில் ப்ரோன்டேவும் மாவு வரியும் வரட்டும். 'பொருத்துக' வினாவை எடுத்துவிட்டு, 1860இல் வாக்குப் பெட்டிகளின் முன்னால் நிற்கும் ஒரு சிசிலிக் குடியானவரின் மனநிலையை ஐந்து வரியில் எழுதச் சொல்லுங்கள். திருத்துவது கடினம்தான், விடைக்குறிப்பில் அடங்காது. நான் திருத்தித் தருகிறேன், ஓய்வில்தானே இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய வரலாற்று வாத்தியார்