சிவாஜி கதை பராசக்தியில ஆரம்பிக்கல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நடிகர் திலகம் பத்தி நீங்க போட்ட கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா பிறந்தது 1928, விழுப்புரம்னு ஒரு வரி, அடுத்த வரியில நேரா 1952 பராசக்தி, முதல் படத்துலயே ஹீரோ ஆன அதிர்ஷ்டக்காரர்னு முடிச்சிட்டீங்க. நடுவுல இருக்குற இருபத்துநாலு வருஷம் எங்க சார் போச்சு?

எங்க ஊரு சங்கிலியாண்டபுரத்துல வளந்த பையன் அவரு. அனாதைன்னு பொய் சொல்லித்தான் யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையோட பாய்ஸ் கம்பெனியில, அதாவது சின்னப் பசங்கள வச்சு நாடகம் போடுற கம்பெனியில, சேந்தேன்னு அவரே சொல்லியிருக்காரு. அப்பா அம்மா உசுரோட இருக்கும்போதே! முதல்ல கெடச்ச வேஷம் சீதை, அப்புறம் சூர்ப்பனகை, பரதன், இந்திரஜித்துன்னு ஒரே ராமாயணத்துல மாத்தி மாத்தி. அந்தக் கம்பெனியில பொம்பளை வேஷமும் பசங்கதான் கட்டணும், பாட்டு, வசனம், நடை எல்லாம் வாத்தியார் அடிச்சு சொல்லிக் கொடுக்குறதுதான். இன்னைக்கு ஆக்டிங் ஸ்கூல்னு லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்குறாங்களே, இவங்க யாரும் அந்த வயசுல அப்படி ஒரு ட்ரெய்னிங் தர மாட்டாங்க, தரவும் கூடாது, அது வேற விஷயம்.

அண்ணாவோட நாடகத்துல சத்ரபதி சிவாஜியா நடிச்சதைப் பாத்து பெரியார் 'சிவாஜி'ன்னு பேர் வச்சது எல்லாருக்கும் தெரியும். ஆனா பராசக்தி சான்ஸ் எப்படி வந்துச்சு தெரியுமா, சக்தி நாடக சபாவுல நூர்ஜஹானா, அதாவது பொம்பளை வேஷத்துல அவரு நடிச்சதைப் பாத்து அசந்து போய்த்தான் பராசக்தி படத் தயாரிப்பாளர் வேலூர் பி.ஏ.பெருமாள் முதலியார் அவரைக் கூப்பிட்டாரு. கூட்டா படம் எடுத்த ஏவி.எம். செட்டியாருக்குப் பிடிக்கல, வேற ஆளைப் போடலாம்னாரு, இந்தப் பையன்தான்னு பெருமாள் விடாப்பிடியா நின்னாரு. சீதை வேஷத்துல ஆரம்பிச்ச பயிற்சிதான் சார் அங்க கை கொடுத்துச்சு, இதுல அதிர்ஷ்டம் எங்க வருது? அந்த நன்றியை அவரும் மறக்கல, பொங்கலுக்குப் பொங்கல் வேலூருக்குப் போய் பெருமாளைப் பாத்துட்டு வருவாரு.

பராசக்தியில பக்கம் பக்கமா வசனம் பேசும்போது மூச்சு எங்க எடுக்குறாருன்னு கவனிச்சுப் பாருங்க, கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்னு மைக்கு இல்லாத மேடையில பேசிப் பழகுன தொண்டை அது. இதை ஓவர் ஆக்டிங்னு ஈஸியா சொல்லிட்டுப் போற பசங்களுக்கு அந்த மேடை என்னன்னே தெரியாது, நாமளும் சொல்லலையே.

அவரு பொறந்தநாளு, அடுத்த அக்டோபர் 1ஆம் தேதிக்காவது அந்த நாடகக் கம்பெனிகளைப் பத்தி ஒரு முழுப் பக்கம் போடுங்க. காக்கா ராதாகிருஷ்ணன், எம்.ஆர்.ராதா எல்லாரும் அந்த மாதிரி கம்பெனியில இருந்து வந்தவங்கதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி