முதியவரின் சுகத்தை அளக்க இரத்த அறிக்கை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏப்ரல் 7 உலக சுகாதார தினம் வரும்போதெல்லாம் ஒரே வரைவிலக்கணம் பத்திரிகைகளில் மீண்டும் அச்சாகிறது: உடல், உள, சமூக ரீதியில் முழுமையான நன்னிலையே ஆரோக்கியம். 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம், நோயில்லாதிருப்பது மட்டும் ஆரோக்கியமல்ல என்று சொன்னது பெரிய காரியம்தான். ஆனால் அந்த அளவுகோலின்படி, நீரிழிவோடும் மூட்டுவாதத்தோடும் வாழும் எழுபது வயதுக்காரருக்கு இனி ஆரோக்கியமே கிடையாது. 1986இல் சுகாதார மேம்பாட்டுக்கான ஒட்டாவா சாசனம் ஆரோக்கியத்தை அன்றாட வாழ்வுக்கான வளமாகப் பார்த்தது. 2001இல் உலக சுகாதார நிறுவனமே வெளியிட்ட செயற்பாட்டு வகைப்படுத்தல், ஒருவர் என்ன செய்கிறார், எதில் பங்கெடுக்கிறார், சூழல் அவருக்குக் கைகொடுக்கிறதா தடுக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. உடுத்தல், குளித்தல் போன்ற அன்றாட வேலைகளை நோயாளி மீண்டும் தானே செய்ய உதவும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களான நாங்கள் நிற்பது இந்தப் பக்கத்தில்தான்.

பாரிசவாதம் வந்தவரைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது பிரஷர், சீனி, மாத்திரை எல்லாம் எழுதிக் கொடுக்கப்படுகின்றன. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ லிப்ட் இல்லாத தொடர்மாடியில் மூன்றாம் மாடிக்கு அவர் எப்படி ஏறுவார், குளியலறைக் கதவால் சக்கர நாற்காலி நுழையுமா என்று யாரும் கேட்பது அபூர்வம்.

சட்டை போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். இயங்காத கையைத்தான் முதலில் சட்டைக் கைக்குள் விட்டுத் தோள்வரை இழுக்க வேண்டும். பிறகு முதுகுப் பக்கமாகக் கொண்டுவந்து நல்ல கையை நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில். வீட்டில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. நல்ல கையை முதலில் போட்டுவிட்டால், விறைத்த கையைப் பின்னால் இழுத்து வளைக்க வேண்டிவரும். தோள் வலிக்கும். அவர் மறுப்பார். "அப்பாவுக்கு ஏலாது" என்று பிள்ளைகள் முடிவுகட்டி, மறுநாளிலிருந்து எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுகிறார்கள். அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் பயன்படுத்தாத தசை வாரக்கணக்கில் அல்ல, நாட்கணக்கிலேயே வலுவிழக்கும்.

குளியலறையில் நடப்பது இதைவிட ஆபத்து. டவல் தொங்கவிடும் கம்பியைப் பிடித்து எழும்ப முயன்று, அது டைலோடு பெயர்ந்து வந்து விழுபவர்கள் உண்டு. பிடிகம்பி 32 முதல் 38 மி.மீ. தடிப்பாக இருக்க வேண்டும். டைலில் அல்ல, பின்னாலுள்ள கல் அல்லது கொங்கிறீட் சுவரில் திருகாணி இறங்கவேண்டும். முழங்கால் பலமில்லாதவருக்கு 40 செ.மீ. உயரக் கொமட் தாழ்வு. மேலே 5 முதல் 10 செ.மீ. உயர இருக்கையைப் பூட்டினால், பாதம் தரையில் பதிய அவரே எழும்பக்கூடும். குளிக்க மெல்லிய பிளாஸ்டிக் கதிரையை வைக்காதீர்கள். ஈரத் தரையில் அதன் கால்கள் அகலும். அடியில் இறப்பர் பூட்டிய குளியல் கதிரையே வேண்டும்.

முதியோர் இல்லங்களின் நெருக்கடி எங்களுக்குத் தெரியும். ஒருவருக்குச் சட்டை மாட்டிவிட ஐந்து நிமிடம், அவரே போட இருபது நிமிடம் என்றால், ஆளணி போதாத இடத்தில் பராமரிப்பாளர் எதைத் தெரிவார்? ஆகவே எல்லாவற்றையும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு வேலை மட்டும் தெரிந்தெடுத்து, அதன் கடைசிப் படியை அவரிடம் விடுங்கள். முதலில் கடைசிப் பொத்தான், அது பழகியதும் கடைசி இரண்டு. மறதி நோய் உள்ளவரும் இப்படி முடித்துவைப்பதில் நிறைவு காண்பார். குளிப்பதும் உண்பதும் மட்டும் வாழ்க்கையாகாது. கதிரையில் இருந்து கீரை ஆயவோ, சாமிக்குப் பூமாலை கட்டவோ கேட்கும் அம்மாவிடம் "நீங்க பேசாம இருங்கோ" என்று சொல்லாதீர்கள்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், இல்லங்களைப் பார்வையிடும் அதிகாரிகள் கட்டிலையும் சமையலறையையும் மட்டும் பார்த்துத் திரும்பக்கூடாது. அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தூரம் தானே செய்கிறார் என்று அளக்கும், 1965இல் வெளியான பார்தெல் சுட்டியை மாதம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் நிரப்பச் சொல்லலாம். உண்ணுதல் முதல் படியேறுதல் வரை பத்து விடயங்கள், மொத்தம் 100 புள்ளி. கருவி எதுவும் வேண்டாம், சில நிமிடம் போதும். அவரால் செய்யக்கூடியதை அல்ல, உண்மையில் செய்வதையே குறிக்க வேண்டும். புள்ளி திடீரென இறங்கினால் சிறுநீர்த் தொற்றா, புதிதாகக் கொடுத்த தூக்க மாத்திரையா என்று வைத்தியர் பார்க்கட்டும். மாதாமாதம் மெல்ல இறங்கினால், அவர் செய்துவந்ததை வேறு யார் செய்யத் தொடங்கினார்கள் என்பதையும் விசாரியுங்கள்.

தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் சிலர்,
கொழும்பு 06.